முதலாளி நிமிர்ந்து நிற்கும் விமானம்

ஒரு விமானம் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால், சந்தை ஆய்வு என்பார்கள், தொலைநோக்கு என்பார்கள். அந்தத் தொழிற்சாலையின் இரட்டை இன்ஜின் பிசினஸ் ஜெட் முதலாளியின் மண்டையில் பிறந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. யாரோ ஒரு பெரிய மனிதரின் ஜெட்டிலிருந்து இறங்கும்போது முதலாளி கூரையில் இடித்துக்கொண்டார். நெற்றி புடைத்தது. "பாத்து சார், உங்க உயரத்துக்கு எங்க விமானம் பத்தாது" என்று அந்தப் பெரிய மனிதர் சிரித்தார். முதலாளிக்கு அவமானமாகவும் இருந்தது, 'உங்க உயரத்துக்கு' என்ற இடத்தில் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. மறுநாளே, வயலுக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானங்களைத் தவிர வேறொன்றும் செய்தறியாத அந்தத் தொழிற்சாலை, உலகத் தரத்தில் பிசினஸ் ஜெட் செய்யப் போவதாக அறிவித்துவிட்டது.

"எவ்ளோ தூரம் பறக்கணும் சார்?" என்று கேட்டார் எடைக்காரர். விமானத்தின் ஒவ்வொரு திருகாணியையும் எடை பார்த்துப் பெருமூச்சு விடுவது அவர் வேலை.

"பறக்கட்டும், அது இஷ்டம்."

"எத்தனை பேர் உக்காரணும்?"

"யாரு வேணா உக்காரட்டும். நான் உள்ள நிமிர்ந்து நிக்கணும். அவ்வளவுதான்."

விமான வரலாற்றில் இவ்வளவு சுருக்கமான திட்ட அறிக்கை அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. விமானத்துக்கு 'நிமிர்வு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

அந்த நிமிர்வை நிறைவேற்றும் பொறுப்பு ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. பயணிகள் அறையை வடிவமைப்பவள் என்பதால் தொழிற்சாலை முழுக்க அவளுக்குக் கேபின்காரி என்றே பெயர். இருக்கை, சுவர், விளக்கு, கூரை எல்லாம் அவள் கையில். கூரைக்கு மேலே போனால் எடைக்காரரின் ராஜ்ஜியம். கூரை ஒரு விரல் உயர்ந்தால் விமானத்தின் உடம்பு பருக்கும், உடம்பு பருத்தால் எடை ஏறும், எடை ஏறினால் எடைக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்தார்கள். இறக்கையும் வாலும் இல்லாத, குழாய் போன்ற அறை. தரையில் அவள் பால்வெள்ளைக் கம்பளம் விரித்திருந்தாள். கிடைத்தது அந்த ஒரு துண்டுதான். அழுக்கானால் வேறு வாங்கித் தர மாட்டோம் என்று கணக்குப் பிரிவு கையை விரித்துவிட்டது. அதனால் வாசலில் ஒரு போர்டு மாட்டினாள்: 'காலணிகளை வெளியே விடவும்.'

எல்லோரும் பகலில் வந்து பார்த்தார்கள். முதலாளி மட்டும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு வந்தார். "நீயும் வெளில நில்லும்மா" என்று அவளையும் அனுப்பிவிட்டு, ஷூவைக் கழற்றி வைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் தலைக்கு நேராகச் சுவரில் தானே பென்சிலால் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தார். "இதுக்கு மேல ரெண்டு விரல் இடம் விடு, போதும். பாவம், எடைக்காரர் அழறாரு."

என்ன அடக்கமான மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கோட்டுக்கு மேல் ரெண்டு விரல் விட்டுக் கூரை வைத்தாள்.

இதற்குள் இன்ஜின் பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. வாலின் இருபுறமும் இருந்த இரண்டு இன்ஜின்களையும் பார்த்துக்கொண்டவன் முதலாளியின் ஒரே மகன். இடது இன்ஜின் தொட்டவுடன் கத்த ஆரம்பித்துவிடும். வலது இன்ஜின் எத்தனை கெஞ்சினாலும் யோசித்து யோசித்துத்தான் எழும். மெக்கானிக்குகள் இடதுக்கு 'அத்தை' என்றும் வலதுக்கு 'மாமா' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும். வீட்டில் நிலைமை அப்படியே தலைகீழ் என்பதால் அவன் கண்டுகொள்ளவில்லை.

இன்ஜின் சத்தம் கேபினுக்குள் வரக் கூடாது என்று பேச வந்தவன், சத்தம் குறைந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். முன்கண்ணாடியில் பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்கச் செத்த கோழியைப் பீரங்கியில் வைத்துச் சுடுவார்கள். அந்தச் சோதனைக்கு அவளையும் அழைத்துப் போனான். காதலியைக் கூட்டிக்கொண்டு போக உலகத்தில் அவனுக்குக் கிடைத்த இடம் அது.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டான், கண்ணாடியில் வழிந்த கோழியைப் பார்த்தபடி.

"கண்ணாடியா, நீயா?"

"ரெண்டும்தான்."

"கண்ணாடி நல்லா தாங்குது. உன்னப் பத்தி உங்க அப்பாகிட்ட கேட்டுட்டு சொல்லு."

கேட்டான். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா பேசறவங்க ஆயிரம் பேசுவாங்க. வேலையில நிரூபிக்கட்டும். மொத விமானத்துல நான் நிமிர்ந்து நிக்கற அன்னைக்கே நாள் பாத்துடலாம். நிக்க முடியலன்னா இந்தப் பேச்சே வேணாம்."

உலகத்தில் எத்தனையோ கல்யாணங்கள் நகையில் நின்றிருக்கின்றன, ஜாதகத்தில் நின்றிருக்கின்றன. கூரை உயரத்தில் நின்ற கல்யாணம் இவர்களுடையதாகத்தான் இருக்கும்.

விமானம் பறந்தது, குலுங்கியது, திருந்தியது, பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழும் வாங்கியது. மாமா இன்ஜின் மட்டும் திருந்தவில்லை. அதுவரை முதலாளி உள்ளே கால் வைக்கவே இல்லை. முதல் வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுக்கும் நாளில், எல்லோர் முன்னாலும்தான் ஏறுவேன் என்று பிடிவாதம்.

அந்த நாளும் வந்தது. புகைப்படக்காரர்கள், மாலை, கைதட்டல். பளபளக்கும் ஷூவோடு முதலாளி படியேறினார். கேபின் நடுவில் நின்று, வாசல் பக்கம் திரும்பிப் புன்னகைத்து, நெஞ்சை நிமிர்த்தினார்.

டொக்.

சத்தம் சின்னதுதான். ஆனால் கேபினுக்குள் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது என்று அவளும் அவனும் சேர்ந்து பாடுபட்டிருந்தார்கள் அல்லவா, அதனால் துல்லியமாகக் கேட்டது. முதலாளி குனிந்தபடியே கையசைத்தார். "சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிச் சாவியைத் திரும்பத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அலுவலக அறையில் புன்னகை இல்லை. "நீ அளவெடுத்த லட்சணம் இதானா? கூரையை ஒசத்து. எத்தனை வருஷம் ஆனாலும் சரி."

எடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவர ஆள் ஓடியது.

"அளவு சரியா இருக்கு சார். உங்க பென்சில் கோட்டுக்கு மேல ரெண்டு விரல்."

"அப்போ நான் வளந்துட்டேனா? இந்த வயசுல?" முதலாளி மகன் பக்கம் திரும்பினார். "அந்தப் பேச்சு முடிஞ்சுது. புரிஞ்சுதா?"

அவனுக்குப் புரிந்தது. அவளுக்குத்தான் புரியவில்லை. விமானத்தை அளந்தாள், மாதிரியை அளந்தாள், அளவு நாடாவையே இன்னொரு நாடாவால் அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தவறாக இருந்தது முதலாளி மட்டும்தான், அவரை அளக்க வழியில்லை.

சாயங்காலம் அவன் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான், அம்மாவிடம் பேசிப் பார்க்கலாமென்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் கால் தடுக்கி, அங்கிருந்த ஷூ ஒன்று கவிழ்ந்தது. முதலாளியின் பளபளப்பான ஷூ. அதற்குள்ளிருந்து ஆப்பு போல ஒன்று நழுவி விழுந்தது. குதிகால் பக்கம் தடித்து, விரல் பக்கம் மெலிந்து, நல்ல தோலில் தைத்தது. மூன்று விரல் கனம் இருக்கும். எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாத்துட்டியா?"

நிலைப்படியில் முதலாளியம்மா நின்றிருந்தார். மகனைக் காபி கலக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்.

"அம்மா, இது..."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப போட்டுட்டு வந்தாரு. நான் கொஞ்சம் உயரம், பாரு. அன்னைலேருந்து நானும் பாக்காத மாதிரியே இருக்கேன், அவரும் போடாத மாதிரியே இருக்காரு. போட்டுப் போட்டு அதுவும் அவர் காலாவே ஆயிடுச்சு. கழட்டி நிக்கும்போது குறையுதேன்னு அவருக்கே இப்போ ஞாபகம் இருக்காது."

"அவர்கிட்ட யாராவது சொன்னா..."

"சொல்லலாம். கூரை சரியாயிடும், மனுஷன் உடைஞ்சிடுவாரு." அம்மாள் ஆப்பை வாங்கி, பழகிய கையால் ஷூவுக்குள் செருகி நேராக வைத்தார். "நீ கெட்டிக்காரின்னு சொன்னாரு. பாக்கலாம்."

இரவெல்லாம் யோசித்தாள் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

காலையில் எல்லோரையும் விமானத்தின் படியருகே கூட்டினாள். "கூரையில தப்பில்ல சார். தப்பு என்னுது. மாதிரியில ஒரு போர்டு வெச்சிருந்தேன், நிஜ விமானத்துல மாட்ட மறந்துட்டேன்." கையிலிருந்த போர்டைக் காட்டினாள். காலணிகளை வெளியே விடவும். "இந்தக் கேபினே ஷூ இல்லாம நடக்கறதுக்காகப் போட்டது. வெள்ளைக் கம்பளம். வாசல்ல ஒரு சின்ன அலமாரி வெச்சுடலாம்."

"அலமாரி எவ்ளோ எடை?" என்றார் எடைக்காரர்.

முதலாளி போர்டைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். காதுமடல் மெல்லச் சிவந்தது. இவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாருமா கழட்டணும்?" குரல் தணிந்திருந்தது.

"எல்லாரும் சார். யாரா இருந்தாலும்."

"எல்லாரும் பாப்பாங்களேம்மா."

அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "உள்ள எல்லாரும் உக்காந்துதான் சார் இருப்பாங்க. நிக்கப் போறது நீங்க மட்டும்தான்."

முதலாளி படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார். "எல்லாரும் மொதல்ல ஏறி உக்காருங்க" என்றார். எடைக்காரர், மகன், விற்பனைக்காரர்கள், அவள் என எல்லோரும் காலணியை விட்டு ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக அவர் வந்தார், சாக்ஸ் மட்டும் போட்ட காலோடு. கேபின் நடுவில் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

சத்தமே இல்லை. தலைக்கு மேல் ரெண்டு விரல் இடம்.

"நாள் பாருங்கடா" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டே. பிறகு அவள் பக்கம் திரும்பி, "இந்த சார் மோரெல்லாம் வேணாம். மாமான்னு கூப்பிடு" என்றார். வாசலுக்கு வெளியே படியில் நின்ற யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு, அது இன்ஜின் பேராச்சே என்று முணுமுணுத்தது நல்லவேளையாக உள்ளே கேட்கவில்லை. சத்தத் தடுப்பு அவ்வளவு பிரமாதம்.

அதன் பிறகு 'நிமிர்வு' உழைத்த கதையை விற்பனைப் பிரிவின் பளபளப்புத்தாள் புத்தகத்தில் படிக்கலாம். 'வீட்டுக்குள் நுழையும் உணர்வைத் தரும் உலகின் முதல் ஜெட். ஆழ்ந்த உளவியல் ஆய்வின் விளைவு' என்று போட்டிருக்கிறார்கள். கோடீஸ்வரர்கள் ஓட்டை சாக்ஸைப் பார்த்து ஒருவருக்கொருவர் நெருக்கமானார்களாம். அதில் பல ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாம். போட்டிக் கம்பெனிகள்கூட வாசலில் அலமாரி வைக்க ஆரம்பித்தன, எதற்கென்றே தெரியாமல். சில விமானங்கள் நோயாளிகளை ஏற்றிப் போயின, சில மேகத்தை அளக்கப் போயின. எங்கே போனாலும் அத்தை முதலில் எழுந்தாள், மாமா யோசித்து எழுந்தார். ஆனால் ஒருமுறைகூட இருவரில் யாரும் நடுவானில் கைவிட்டதில்லை.

கல்யாணப் படத்தை முதல் விமானத்துக்குள்தான் எடுத்தார்கள். அது இன்றும் தொழிற்சாலை வரவேற்பறையில் தொங்குகிறது. மணமக்கள், முதலாளியம்மா, பெண் வீட்டார் எல்லோரும் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி மட்டும் நடுவில், கம்பீரமாக, நிமிர்ந்து நிற்கிறார்.

முதல் தடவை பார்ப்பவர்கள் அவரைத்தான் மாப்பிள்ளை என்று நினைக்கிறார்கள். வீட்டில் யாரும் திருத்துவதில்லை.