ஜோடி இல்லாத நாற்காலி

பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைச் சேர்த்து வைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. டெப்போவில் அவருக்கு 'ஓசைக்காரர்' என்று பெயர். ஆனால் அவரைப்போல் வாய் திறக்காத மனிதரை அங்கே பார்க்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று அவர் மண்டையில் ஏறியது ஒரே ஒரு பாடம்: ஓசை ஒத்த சொற்களும் அவற்றின் பொருளும். கேட் என்றால் பூனை, ரேட் என்றால் எலி, ஹேட் என்றால் தொப்பி. "ஒரே ஓசையில முடியிற வார்த்தை எல்லாம் கூடப்பிறந்ததுங்க. அதுகளைப் பிரிக்கக்கூடாது" என்று வாத்தியார் சொன்னார். வாத்தியார் சொன்னது சொற்களுக்கு. இவர் அதைச் சாமான்களுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அதனால் அந்த அறையில் பூட்டுக்குப் பக்கத்தில் கடிகாரம் இருக்கும், லாக், கிளாக். புத்தகத்தின்மேல் கொக்கி உட்கார்ந்திருக்கும்; புக், ஹுக். பர்ஸ் எல்லாம் ஒரு நர்ஸ் பொம்மையின் மடியில் கிடக்கும். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறாரு" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். அதுவும் மேலாளர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான். மேலாளர் தலையில் இருந்த முடி டோப்பா. அது டெப்போ முழுக்கத் தெரியும். தெரியும் என்பது மட்டும் மேலாளருக்குத் தெரியாது. அவர் காதுபட 'மொட்டை' என்ற சொல்லை யாரும் பல்லில் படவிடுவதில்லை. மொட்டை மாடியைக்கூட 'மேல் தளம்' என்றுதான் சொல்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த ரூமை டிக்கெட் கவுண்டரா மாத்தப்போறோம். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணுங்க. பண்ணிட்டா கவுண்டர்ல உங்களுக்குத்தான் சீட்டு. ஃபேன் உண்டு, கண்ணாடி உண்டு."

"பண்ண முடியலேன்னா சார்?"

"பஸ் கழுவுற ஷெட்டு. பூட்ஸ் நீங்களே வாங்கிக்கணும்."

ஓசைக்காரருக்கு ஈரம் ஆகாது. கால் நனைந்தால் மறுநாளே மூக்கு அடைத்துவிடும். அன்றைக்கே ஒவ்வொரு பஸ்ஸிலும் அறிவிப்பு ஒட்டச் சொன்னார்: தொலைத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஜனம் வந்தது, வராமலில்லை. ஆனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்றை எடுத்தால், மிச்சமிருக்கும் கூடப்பிறந்தது தனியாகத் தவிக்குமே? ஆகவே எடுக்கிறவர் அதே ஓசையில் இன்னொன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

தொப்பியைத் தொலைத்தவர் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்துவிட்டுத் தொப்பியை மீட்டார்; ஹேட், பேட். பர்ஸைத் தொலைத்த ஆள், வேறு வழி தெரியாமல், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தன் மச்சினிச்சியையே அழைத்து வந்துவிட்டார். அந்த அம்மா யூனிஃபார்மோடு அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். "டூட்டிக்கு நேரமாச்சு, என்னை யார் மீட்பா?" என்று அவள் கத்தியபோது ஓசைக்காரர் யோசித்துப் பார்த்து, ஒரு காலிப் பர்ஸை அவள் இடத்தில் வைத்துவிட்டு அவளை அனுப்பினார்.

புதன்கிழமை ஆயிற்று. எவ்வளவு கொடுத்தாலும் அறை அப்படியேதான் இருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காது என்பார்கள். இந்தப் பானையிலோ, இறைக்க இறைக்கத் தண்ணீர் குறையவில்லை.

அவர் மனைவிக்கும் அதே டெப்போவில்தான் வேலை. பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவள். வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு நிற்காது. கைவேலையை வைத்துவிட்டு வந்து அறையைப் பார்த்தாள்.

"என்னங்க இது? ஒண்ணு போனா ஒண்ணு வருது. கோடைக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி."

"ஜோடியைப் பிரிக்க முடியாதுல்ல?"

"யார் பிரிக்கச் சொன்னா? ரெண்டையும் ஒருத்தர்கிட்டயே குடுத்துடுங்க. பூட்டு கேட்டு வந்தவன் கடிகாரத்தையும் தூக்கிட்டுப் போகட்டும்."

ஓசைக்காரர் அவளையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அறை மளமளவென்று வடிந்தது. புத்தகம் கேட்டவர் கொக்கியோடு போனார். மோதிரம் கேட்டவர் கட்டில் ஸ்பிரிங்கைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏறினார். "எனக்கு எதுக்குய்யா இது?" என்று கேட்டவர்களிடம் ஓசைக்காரர், "ரிங், ஸ்பிரிங்" என்று மட்டும் சொல்வார். அவர் சொல்கிற தோரணையைப் பார்த்து, ஏதோ சட்டம் போலிருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அறையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: மடக்கு நாற்காலி. யாரோ எப்போதோ விட்டுப்போனது. சேர். அதற்கு ஜோடி அந்த அலமாரிக்கு வந்ததே இல்லை.

மேலாளர் வந்தார். "ஆறு மணிக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. அதைத் தூக்கி வெளியே போடுங்க."

"ஜோடி இல்லைங்க சார். தனியா அனுப்பினதில்லை."

"நாற்காலிக்கு என்னய்யா ஜோடி?"

"பேர், அதாவது பேரிக்காய். இன்னொரு பேர், கரடி. அப்புறம்..." ஓசைக்காரர் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம்?"

"ஹேர், சார். முடி."

வாசலில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"பேரிக்காய் வாங்கிட்டு வாங்க!" என்று மேலாளர் சீறினார்.

"பருவம் இல்லைங்க சார். கரடிக்கும் நேரம் பத்தாது."

வெளியே அதிகாரியின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. ஓசைக்காரருக்கு ஷெட்டின் குளிர்ந்த தண்ணீர் கணுக்காலைத் தொட்டதுபோல் இருந்தது. ஆனாலும் கை நாற்காலியின் பக்கம் போகவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேலாளரின் அருகில் போய், குரலைத் தாழ்த்தினாள். தையல் மிஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவளுக்குத் தாழ்ந்த குரல் என்றால் என்னவென்று தெரியாது.

"சார், போன மாசம் எலாஸ்டிக் தளர்ந்துபோச்சுன்னு எங்கிட்டத் தைக்கக் குடுத்தீங்களே, அதை ஒரு நிமிஷம் இந்த நாற்காலி மேல வையுங்க. ஜோடி சேர்ந்துடும். ரெண்டையும் நீங்களே எடுத்துக்கலாம்."

மேலாளர் டிரைவர்களைப் பார்த்தார். ஒரு முகத்திலாவது ஆச்சரியம் இருக்குமா என்று தேடினார். இல்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"நீங்க வந்த அன்னைக்கே தெரியும் சார்" என்றார் மூத்த டிரைவர். "காத்து அடிச்சுது."

மேலாளர் மெதுவாக அதைக் கழற்றினார். நாற்காலிமேல் வைத்தார். அது தூங்குகிற பூனைபோல் படுத்துக்கொண்டது. ஓசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேர், ஹேர்" என்றார். மேலாளர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அறை காலி.

திங்கட்கிழமை ஓசைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் போட்டிருந்தது அதே மடக்கு நாற்காலி. அதன் இடுக்கில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது; பிரிக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார்.

மேலாளர் வெறுந்தலையோடு கவுண்டரைப் பார்க்க வந்தார். தலை ஃபேன் காற்றில் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். நகராமல் அங்கேயே நின்றார். ஓசைக்காரர் அந்தத் தலையை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கொரு ஜோடி தேடி அவர் உதடு அசைய ஆரம்பித்தது.

உறை மாட்ட வந்திருந்த மனைவி ஊசியால் அவர் முழங்காலில் ஒரு குத்துக் குத்தினாள்.

"டிக்கெட்டைக் குடுங்க" என்றாள்.