உள்ளே அளந்த குவிமாடம்

இரண்டாவது பெயிண்ட் டின்னின் அடியை ஸ்தாமடிஸ் தூரிகையால் சுரண்டிய ஓசை துறைமுகம் வரை கேட்டதாகப் பின்னால் ஊரில் சொன்னார்கள். எங்கள் தீவில் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். ஆனால் குடும்பக் கோயிலின் குவிமாடத்தில் ஏணி சாய்த்து நின்ற அவருக்கு அது இடியாகவே கேட்டது. ஊரைப் பார்த்த பாதி பளபளவென்று நீலம். கடலைப் பார்த்த பாதி வெள்ளை வெளேரென்று கிடந்தது. மறுநாள் மாலை புனிதரின் திருவிழா. வடகாற்று பலமாக வீசியதால் கப்பலை நிறுத்தியிருந்தார்கள்; வெளியிலிருந்து டின் வர வழியில்லை. கடையில் மிச்சம் இருந்தது பச்சை மட்டும்தான்.

வேறு யாருக்காவது நேர்ந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். ஸ்தாமடிஸ் உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வாத்தியார். இத்தனை வருடம் குவிமாடத்துக்கு நீலம் பூசியது அவருடைய அண்ணி ஆர்கிரோ. கண் போன போக்கில் டின்களை வாங்கிக் குவிப்பாள்; மிஞ்சியதை ஜன்னல், நாற்காலி, ஆட்டுத் தொட்டி வரைக்கும் பூசித் தள்ளுவாள். இந்த வருடம் முறை தம்பி வீட்டுக்கு வந்ததும் அவர் காப்பிக் கடையில் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். "அரைக்கோளம். வளைபரப்பு ரெண்டு பை ஆர் ஸ்கொயர். ரெண்டு டின். சொட்டு மிஞ்சாது, சொட்டு குறையாது. அண்ணியோட ஆடு இந்த வருஷம் நீலம் பூசாத தொட்டியிலதான் தண்ணி குடிக்கணும்!" கடையே சிரித்தது. ஆர்கிரோ காதுக்கு அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சூத்திரத்தில் பிழையில்லை. ஏணியில் நின்றபடியே மூன்று முறை மனதில் போட்டுப் பார்த்தார். அப்புறம் கை குவிமாடத்துச் சிறு ஜன்னலின் சுவர் விளிம்பில் பட்டது. ஒரு முழத்துக்கும் மேல் கனம். காற்றுக்குப் பயந்து மேலே ஏறாமல், கோயிலுக்குள் மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் நின்று அல்லவா ஆரத்தை அளந்தார்! உள் ஆரம் ஒன்றரை மீட்டர், வெளி ஆரம் இரண்டுக்கும் மேல். பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. உள்ளீடற்ற அரைக்கோளம். இதே கணக்கில் உள் ஆரத்தைப் போட்டதற்காகப் போன மாதம்தான் பாதி வகுப்புக்கு மதிப்பெண் வெட்டியிருந்தார்.

ஆர்கிரோ முற்றத்தில் விருந்துக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. மிஞ்சின நீலத்தைக் குடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"தீந்துடுச்சு, அண்ணி."

"எது வரைக்கும்?"

"கடல் பக்கம் மொத்தமும் பாக்கி."

"ஐயோ, நாளைக்குக் காத்து அடங்கினதும் திருவிழாவுக்குப் படகெல்லாம் அந்தப் பக்கமாத்தானே வரும்!" கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"உள்ளுக்குள்ள அளந்துட்டேன். சுவர் கனத்தைச் சேக்கல" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"போன வருஷத்து டின்னு நிலவறையில இருக்கு. தர்றேன். ஆனா தூரிகை என் கையில. கடல் பக்கம் என் பக்கம்."

"உங்க நீலம் கொஞ்சம் கருப்படிக்குமே அண்ணி. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நேத்து வரைக்கும் என் ஆட்டைப் பாத்துச் சிரிச்சாங்க. அது பாவம், ஓய்வெடுக்கட்டும்."

திருவிழாவன்று ஜனங்கள் கறித் தட்டும் கையுமாகக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து, வெளிர் நீலக் கட்சி, கரு நீலக் கட்சி என்று பிரிந்து வாதாடினார்கள். வயலின்காரன் வாசிப்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான். குவிமாடத்தின் ஊர்ப்பக்கம் ஏணியில் ஸ்தாமடிஸ். கடல் பக்கம், யார் கண்ணுக்கும் படாமல், ஆர்கிரோ.

"இழுத்துப் பிடிங்க தம்பி, தொங்குது! அடுத்த வருஷத்துக்காவது வெளியில அளப்போம்!"

இரண்டு நீலங்களுக்கும் மேலாக மஞ்சள் அளவு நாடா காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.