ஒன்பதாம் கேள்வி

எட்டாம் கேள்வி வரை ரமாபாயின் குரல் பிசகவில்லை. எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடி, மலரின் வீடு. எப்படிப்பட்ட சுபாவம் உள்ளவர்கள் குடிக்கோ மாத்திரைக்கோ எளிதில் அடிமையாகிறார்கள் என்று ஒரு உளவியல் ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பி வருவது ரமாபாயின் வேலை.

"நெஞ்சு படபடன்னு அடிச்சா, ஏதோ ஆகப்போவுதுன்னு பயப்படுவீங்களா? இல்லவே இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்பவும்."

"சில நேரம்," என்றாள் மலர்.

டிக் அடிக்கப் போன பேனா கட்டத்தைத் தாண்டி ஓடியது. ரமாபாய் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கணவன் செத்தபோது தூக்கத்துக்கென்று டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை, இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. டோல்கேட் மருந்துக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் கொடுத்துவந்தவர், மூன்று நாட்களுக்கு முன் சீட்டில்லாமல் முடியாது என்று கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. மின்விசிறிச் சத்தம் மண்டைக்குள் சுற்றியது. தன் படபடப்பைக் கண்டே பயப்படுகிறவர்கள், அதை அடக்க மாத்திரையைத் தேடலாம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது, அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

"இன்னாக்கா, கை இப்டி ஆடுது?"

"காலைல சாப்புடல."

மலர் அவள் முகத்தையே பார்த்தாள். "எங்க வூட்டுக்காரும் இதான் சொன்னாரு. குடிய ஒரே நாள்ல வுட்டாரு. மூணாம் நாளு ஃபிட்ஸு வந்து, நீ குந்திகினு கீற எடத்துலதான் வுழுந்தாரு. நீ இன்னாத்த வுட்ட?"

ரமாபாய் பேனாவை மூடினாள்.

"தூக்க மாத்திர," என்றாள் கடைசியில். யாரிடமும் சொல்லாத சொல். "வெளிய சொல்லிடாத மலரு. வேல பூடும்."

"நான் யாராண்ட சொல்லப்போறேன்? நீதான் டாக்டராண்ட சொல்லணும். பட்டுனு வுடக்கூடாதாம், கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணுமாம். அவுர சேத்த ஆஸ்பத்திரில சொன்னாங்கோ. எந்திரி, போலாம்."

"இன்னும் பதினாலு கேள்வி கீது..."

"பஸ்ல கேளு."

மலர் கதவைப் பூட்டினாள். படிக்கட்டின் முதல் படியிலேயே ரமாபாய் நின்றுவிட்டாள். கீழே தரை எங்கோ பள்ளத்தில் கிடந்தது. மலர் அவள் கையைப் பிடிக்கவில்லை. ஒரு படி முன்னால் இறங்கி, ஒரு கை சுவரிலும் ஒரு கை கம்பியிலுமாக வழியை அடைத்து நின்றாள்.

"வா," என்றாள் திரும்பாமல்.

அவள் முதுகைப் பார்த்தபடி ரமாபாய் காலை எடுத்து வைத்தாள்.