சில்லறைச் சம்பளம்

“சில்லறைங்கிறது யாரு?” கவுன்ட்டர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“எங்கப்பாதான்” என்றாள் மகள்.

“கார்டுல வேற பேரு இருக்கே?”

“அதுவும் எங்கப்பாதான்.”

குமாஸ்தா அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “சீட்டுல இருக்கற பேருக்குத்தாம்மா உடம்பைக் குடுப்பேன். இன்னொருத்தர் அட்டையைக் காட்டினா நான் என்ன செய்ய?” ஜன்னல் சாத்திக்கொண்டது.

மகள் திரும்பித் தாய்மாமனைப் பார்த்தாள். ஹார்டுவேர் கடை முதலாளி, ஆணியைக்கூட எண்ணிக் கொடுப்பவர், இப்போது தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் முன்பு அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது சீட்டுப் போட்டவர் அவர்தான். நோயாளி பெயர் என்னவென்று கேட்டதும், முப்பது வருஷமாகத் தான் கூப்பிட்ட பெயரைச் சொல்லிவிட்டார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பா ஏறுகிறவர்களிடமெல்லாம் “சில்லறையா குடுங்க” என்று கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பெயர்.

“பதட்டத்துல வாயில வந்துடுச்சும்மா” என்றார் மாமா. “அந்த ஆளும் இப்படி ஒரு பேரான்னு கேக்காம எழுதிக்கிட்டான்.”

பெஞ்சிலிருந்து அம்மா சொன்னாள்: “கட்டிக்குடுத்த நாள்லேருந்து ஒரு தடவையாவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா இது வருமாண்ணே?”

மகளுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று மாதமாக அப்பா ஒவ்வொரு மூச்சுக்கும் மலையேறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். இன்று காலை ஆறு மணிக்கு அந்த மூச்சு நின்றபோது, அவளுக்குள் முதலில் வந்தது ‘அப்பாடா’ என்ற ஒரு சொல்தான். அழுகை பிறகுதான் வந்தது. இதை யாரிடம் சொல்ல?

இன்னொன்றும் சொல்ல முடியாததாக இருந்தது. அவள் பையில் கல்விக் கடன் விண்ணப்பம் கிடந்தது. சமூகப்பணி முதுகலைப் படிப்பு, இரண்டு வருஷம், ஆறரை லட்சம். ஜாமீன் கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். தன் பென்ஷனைக் காட்டிப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார் அப்பா. இனி மாமாவை விட்டால் ஆளில்லை. மாமாவோ போன மாதமே இப்படிச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்:

“ஊருக்கு உழைக்கறதுக்குக் கடன் வாங்கிப் படிக்கற கூத்தை இப்பத்தான் பாக்கறேன். மாசத் தவணை ஒன்பதாயிரம். வரப்போற சம்பளம் இருபத்திரெண்டு. சில்லறைச் சம்பளம்! அதுக்கு என் கடையில பில்லு போட வா, கடனே வேணாம்.”

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது. அவளும் பல தடவை போட்டுப் பார்த்த கணக்கு.

கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஆஸ்பத்திரியின் சமூகப்பணியாளர். வார்டு நர்ஸ் சொல்லி வந்திருந்தார். முதலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மாமாவிடம், “நீங்கதான் பேர் வச்சவரா?” என்று கேட்டார்.

நாற்பது நிமிஷம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கடிதம் அடித்தார். தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார். டாக்டரை வராந்தாவில் மறித்து நிறுத்தினார். குமாஸ்தாவிடம் குரலை உயர்த்தாமல், நகராமல் நின்றார். முத்திரை விழுந்தது.

“நல்லவேளை, இது இறப்புப் பதிவு ஆபீசுக்கு இன்னும் போகலை” என்றார் அம்மாவிடம். “இந்தப் பேர்ல இறப்புச் சான்றிதழ் வந்திருந்தா உங்க குடும்ப பென்ஷனுக்கு வருஷக்கணக்கா அலைஞ்சிருப்பீங்க.”

மாமாவின் முகம் வெளுத்தது. வண்டிக்குக் காத்திருந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். இந்த வேலைக்கு எவ்வளவு குடுக்கறாங்க?”

“மாமா!” என்றாள் மகள்.

“இருக்கட்டும். இருபத்தெட்டு. அதுவும் ஏழு வருஷத்துக்கு அப்புறம்.”

“கடன் வாங்கிப் படிச்சீங்களா?”

“இன்னும் மூணு வருஷம் கட்டணும்.”

மகள் மெல்லக் கேட்டாள்: “கட்ட முடியுதா மேடம்?”

“வாடகை குடுத்துக்கிட்டு முடியாது. நான் முதல் நாலு வருஷம் சித்தி வீட்டுல இருந்தேன். சித்தப்பாகிட்ட வாங்கின பேச்சும் அந்தத் தவணையில சேத்தி. சொந்த வீடு இருந்து, அங்கேருந்தே வேலைக்குப் போனா முடியும். நகை வாங்க முடியாது, பட்டினி கிடக்கவும் வேணாம்.” பிறகு சிரித்தார். “சேவை சேவைன்னு சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கற இடத்துல மட்டும் சேரக் கூடாது.”

மாமா சட்டைப்பையிலிருந்து மருந்துக்கடைச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் ஏதோ கிறுக்கினார். இருபத்திரண்டில் ஒன்பது போனால் பதின்மூன்று. வீடு சொந்தம். அதன் கீழே ஒரு கோடு இழுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மயானத்தில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி மூன்று. வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். மகள் முகம் கழுவிவிட்டு, காலியாகக் கிடந்த அப்பாவின் கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“எங்க அந்தக் கடன் காகிதம்?” என்றார் மாமா.

பையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைக்கு வந்த சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“என்னடா இது, கடன் வாங்கினவங்க செத்துப்போனா யாரு கட்டறதுன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கான். அபசகுனம் பிடிச்ச பசங்க.”

மகளுக்குக் கண் சொருகியது. எங்கோ தூரத்தில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“பக்கத்துக்குப் பக்கம் போடணுமா?”

“மெதுவாண்ணே” என்றாள் அம்மா. “இப்பத்தான் கண்ணசந்தா.”

பேனா காகிதத்தில் ஓடியது. பிறகு ஒரு பக்கம் திரும்பியது, மிக மெதுவாக.