அப்பா இருந்த டேப்

ஏலக்காரரின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். சந்தையில் தக்காளிக் கூடைகளை அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி ஏலம் விட்ட குரல் அது. வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. அறுவைக்கு அழைத்துப்போகும்வரை ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

வீட்டில் அவர் மகன் கணினி முன் உட்கார்ந்தான். எதையும் புது டேபில் திறந்து, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைப்பது அவன் வழக்கம். பிரவுசரின் மேல்விளிம்பில் டேப்கள் நசுங்கி, முடியில் ஈர் அப்பிய மாதிரி இருந்தன. பின்னால் அக்கா நின்றாள்.

திரையில் அப்பா வந்தார். தொண்டை கரகரத்தது.

"ஆபரேஷன் எனக்குத்தானே, உனக்கு எதுக்குடா தாடி?"

"ஃபேஷன்பா."

"இந்த மூஞ்சியை ஏலத்துல விட்டா அடிமாட்டு விலைக்குக்கூடப் போகாது."

அக்கா சிரித்தாள். அது அழுகையாக மாறப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

வீடியோவுக்குக் கீழே 'அறுவைக்குப் பின் கவனிப்பு' என்றொரு இணைப்பு இருந்தது. அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே, மகனின் விரல் பழக்க தோஷத்தில் அதைப் புது டேபில் திறந்தது.

"இன்னொண்ணு சொல்லணும்டா, மறந்துடாம..."

அப்பா போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி: 'நீங்கள் வேறொரு டேபில் இருப்பதால் இங்கிருந்து வெளியேற்றப்பட்டீர்கள்.' அந்த வேறொரு டேபுக்குப் போனான். அது மறுபடி உள்ளே நுழையச் சொன்னது. நுழைந்தால், வரிசையில் காத்திருக்கச் சொன்னது. பொறுமைக்கு முன்கூட்டியே நன்றியும் சொன்னது.

"பின்னாடி போற பட்டனை அமுக்குடா!"

"அமுக்கினா முதல்லேருந்து வருதுக்கா."

"அவரு பேசிட்டிருக்கும்போது உனக்கு இன்னொண்ணு எதுக்குடா?"

அவன் மறுபடி கடவுச்சொல்லைத் தட்டினான்.

ஒருவழியாக ஒரு முகம் வந்தது. நர்ஸ்.

"இப்பதான் கூட்டிட்டுப் போனாங்க தம்பி."

அறுவை நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்து அதே பக்கத்தில் அப்பா தெரிந்தார். கழுத்தில் கட்டு, மடியில் வெள்ளைப் பலகை, கையில் மார்க்கர்.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களேப்பா?" அக்கா கேட்டாள்.

அவர் யோசித்து எழுதித் தூக்கிக் காட்டினார்.

'பாத்ரூம் குழாய் ஒழுகுது. வாஷர் மாத்து.'

அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாத்திட்டேன்பா" என்றான். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் நகரவில்லை. பிரவுசரில் அப்பா மட்டும்தான் திறந்திருந்தார். அவர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்ததை எழுத ஆரம்பித்தார். மார்க்கர் கீச்சிட்டது.

அவன் ஒலியைக் கூட்டி வைத்தான்.