மூணாம் நம்பர் சிஸ்டம்

...அழித்துவிடவா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது, இந்த டிஸ்கில் இருப்பது எல்லாமே போய்விடும், சம்மதமா என்று, சம்மதம் என்று ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது, மற்ற ஐந்தையும் இந்த வாரத்தில் அப்படித்தானே தட்டித் தீர்த்தார் ஹபீப் முகம்மது, அப்போதெல்லாம் கை நிற்கவில்லை, இந்த மூணாம் நம்பர் சிஸ்டத்துக்கு முன்னால் மட்டும் ஏன் இப்படி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டு... வயசாகிவிட்டது, வேறென்ன, ஐம்பதைத் தாண்டினவனைப் புதுசாக ஒன்றைப் படி என்றால் உடம்பு கேட்கிறதா. ஐந்து சிஸ்டமும் புது சாஃப்ட்வேருக்கு மாறினதிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைக் காணோம் பாய், இதைக் காணோம் பாய் என்று பிடுங்கி எடுக்கிறார்கள், ஆசிரமத்துக்கு வந்திருக்கிற அந்த இத்தாலிக்கார அம்மா நேற்று மானிட்டரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், பால் கறக்க வந்த இடத்தில் யாரோ மாட்டை மாற்றிக் கட்டிவிட்ட மாதிரி. போதாததற்குக் குரங்குகள் வேறு, செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்தவன் குரங்குக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும், ஒயரில் ஊஞ்சலாடி அறுத்துவிட்டுப் போனால் லைன்மேன் வர இரண்டு நாள் ஆகிறது.

டூப்ளிகேட் விண்டோஸ், சரி, ஊரில் யார்தான் போடவில்லை, சிஸ்டத்தை அசெம்பிள் செய்து கொடுத்தவனே கறிவேப்பிலைக் கொத்து மாதிரி கொசுறாகப் போட்டுக் கொடுத்தது, இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லைசென்ஸ் கேட்டு ஆள் வந்ததாம், ஒரு கடையில் இருந்த சிஸ்டத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு போனார்களாம், அந்தப் பயத்தில்தான் பாய் மாற்றுகிறார் என்று தெருவில் பேச்சு, பேசட்டும். பயம் இல்லாமலா, இருக்கிறது, ஆனால் அது பாதிதான். மீதி உண்ணாமலை அம்மா. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, பதினோரு மணிக்கெல்லாம் இந்த மூணாம் நம்பர் முன்னால் உட்கார்ந்துவிடும், இதில்தான் கேமரா இருக்கிறது, சிங்கப்பூரில் வேலைக்குப் போன மகன் பாலாஜியைப் பார்க்க. பார்த்துக்கொண்டுதான் இருந்தது, தை மாசம் வரைக்கும். அப்புறம் பையன் வரவில்லை, ஒரு வாரம், இரண்டு வாரம், மாசக்கணக்காக... பக்கத்து வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னானாம், அந்த சென்டர்ல இருக்கிறது டூப்ளிகேட் சாஃப்ட்வேர்மா, அதான் லைன் சேர மாட்டேங்குது என்று. அதை அப்படியே மனப்பாடம் செய்து வந்து, கோபமே இல்லாமல், பையன் இப்படிச் சொல்றான் பாய், உங்களால எதுனா பண்ண முடியுமா என்று அந்த அம்மா கேட்டபோது அவருக்கு நெஞ்சில் யாரோ குத்திய மாதிரி இருந்தது.

இருக்காதா... அஞ்சு வேளை தொழுகிறவன், அடுத்தவன் உழைப்பைத் திருட்டு சிடியில் போட்டுக் கடை நடத்துகிறவன், அதுவும் போய் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சுவராக நின்றால் அந்தப் பாவம் எந்தக் கணக்கில் போய்ச் சேரும். கேமராவை மாற்றிப் பார்த்தார், வைரஸ் இருக்கிறதா என்று துருவிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் போன ஞாயிறு வாய்விட்டுச் சொல்லிவிட்டார், புதுசு போட்டுடறேம்மா, அசல் சரக்கு, அடுத்த வாரம் நீங்க பையனைப் பார்த்துடலாம் என்று. எதற்குச் சொன்னார், யார் கேட்டது, நாக்கில் சனி என்று ஊரில் சொல்வது இதைத்தான். பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் அமான்தான் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் சிடியை அனுப்பினான், மாமூ, இதுக்கு லைசென்ஸ் பயமே கெடையாது, யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், நாலு பேருக்குக் காப்பி போட்டுக் குடுக்கலாம், எழுதினவங்களே அப்படி எழுதிக் குடுத்துட்டாங்க என்றான். என்ன மனுஷர்களோ, கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குச் சாம்பார் சாதம் போடுகிறவர்கள் மாதிரி, நீ யார், எந்த ஊர் என்று கேட்காமல் இலையை நீட்டினால் போடுகிறார்கள், வாங்குகிறவனுக்குத்தான் நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது. கேமரா மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும், பொறுமையா பண்ணா வந்துடும் என்றும் சொன்னான், பொறுமைக்கு எங்கே போவது.

அதுதான், கேமரா இருக்கிற இதை அழிப்பதற்கு முன்னால் முகம் பார்த்துப் பேசுகிற புது மெசஞ்சர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நாலாம் நம்பரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது, தோன்றியிருக்க வேண்டாம். முதலில் உண்ணாமலை அம்மாவின் பெயரில் திறந்தார், பாஸ்வேர்டு அவர் போட்டுக் கொடுத்ததுதான், அருணாச்சலா, இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான், திருடன் வந்தால் மலையைப் பார்த்தாலே போதும். பாலாஜியின் பெயர் வழக்கம்போல் மங்கிக் கிடந்தது, ஆள் இல்லை. சரி, சாஃப்ட்வேர்தான் இன்னும் சரியில்லையோ என்று தன் பெயரில் திறந்து பார்த்தார், ஊருக்கெல்லாம் திறந்து கொடுக்கிறவன் தனக்கென்று திறந்து எத்தனை காலமாகிறது, அந்த அம்மாவுக்குக் கணக்கு ஆரம்பித்த அன்று சோதித்துப் பார்க்க பாலாஜியைத் தன் பட்டியலிலும் சேர்த்திருந்தது நல்லவேளை ஞாபகத்தில்... நல்லவேளையா அது. பெயர் எரிந்துகொண்டிருந்தது. பாலாஜி, பக்கத்தில் மஞ்சளாக ஒரு சிரித்த முகம், இருக்கிறான், இப்போது, இந்த நிமிஷம். இதற்குள் வந்துவிட்டானோ என்று மூடிவிட்டு மறுபடியும் அம்மா பெயரில், மங்கல். தன் பெயரில், வெளிச்சம். ஒரே சிஸ்டம், ஒரே லைன், அசல் சரக்கு.

அப்படி ஒரு வசதி இருப்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே பாலாஜிதான், பாலிடெக்னிக் படிக்கும்போது இங்கேயேதான் பழியாய்க் கிடப்பான், ஒருத்தனிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் அவனுக்கு மட்டும் நாம் இல்லாத மாதிரி காட்டிக்கலாம் பாய், மத்தவங்களுக்கு இருப்போம் என்று சொல்லிச் சிரித்தான், சிநேகிதன் எவனையோ அப்படி மறைத்து வைத்திருந்தான். இப்போது அம்மாவை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருக்கிறது, இத்தனை மாசமும் டூப்ளிகேட் டூப்ளிகேட் என்று ஒரு தகரப் பெட்டியைத் திட்டித் தீர்த்தாயிற்று, அது பாவம் வாயில்லாத ஜீவன், சொன்ன வேலையைச் செய்துகொண்டு கிடந்திருக்கிறது. தை மாசம் கடைசியாகப் பேசினபோது அந்த அம்மா பையிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தது, பாருடா, நம்ம வேணு மாமா பொண்ணு, உனக்குத்தான் கேட்டு வெச்சிருக்கேன் என்று, ஆடாம காட்டுங்கம்மா என்று ஹபீப்தான் கையைப் பிடித்துச் சரி செய்தார், திரையில் அவன் தலை குனிந்தது, அப்புறம் பேசறேம்மா என்றான், அதோடு சரி. அங்கே யாரையாவது கட்டிக்கொண்டானோ, வேலை போய்விட்டதோ, சொல்ல முடியாத சங்கடம் எதுவோ, யார் கண்டது... அவருக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. பாலாஜியின் பெயரைச் சொடுக்கி, அம்மா இப்போ வந்துடுவாங்க தம்பி என்று அடித்தார், அனுப்பவில்லை, அடித்த எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து உட்காரப் போகிற அம்மாவுக்கு என்ன பதில், புதுசு போட்டாயிற்று, இனிமேல் குறை சொல்ல சாஃப்ட்வேர்கூட இல்லை, உங்கள் பிள்ளைதான் என்றா.

செருப்பு விடுகிற சத்தம் கேட்டது. தலைக்குப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, பஸ்ஸில் கசங்கினதை நீவிவிட்டுக்கொண்டே உண்ணாமலை அம்மா உள்ளே வந்தது. புதுசு போட்டாச்சா பாய் என்று கேட்டது, இதுல மட்டும் பாக்கிம்மா, இப்போ போட்டா ஒரு மணி நேரம் ஆவும் என்றார். அந்த அம்மா திரையில் மினுக்கிக்கொண்டிருந்த கேள்வியைப் பார்த்தது, படிக்கத் தெரியாது, இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தது.

"இது மட்டும் பழசே இருக்கட்டும் பாய்."

"ஏம்மா? நீங்கதான எதுனா பண்ணச் சொன்னீங்க..."

"மெஷினு சரியில்லைனு வீட்டுக்காரர்கிட்ட, அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். புதுசு போட்டும் வரலேன்னா அப்புறம் நான் எதைச் சொல்றது?"

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆக, அந்த அம்மாவுக்கும் தெரியும்... எப்போதிலிருந்து, யார் சொல்லி, அந்தப் போட்டோவைக்கூட அதற்கப்புறம் ஒரு நாளும் கொண்டு வரவில்லையே, அதைக் கவனிக்காமல் கேமராவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவன் அவர்தான். வேண்டாம் என்ற பொத்தானைத் தட்டினார், சிடி வெளியே வந்தது, பழைய விண்டோஸ் முக்கி முனகி எழுந்து, மூலையில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு, இது அசல் இல்லை, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்று இங்கிலீஷில் சொன்னது. என்னமோ எழுதுதே பாய் என்றது அந்த அம்மா, ஒண்ணுமில்லம்மா, தேதி காட்டுது என்றார். லைசென்ஸ்காரன் வந்தால் வரட்டும், ஒரே ஒரு சிஸ்டம், தூக்கிக்கொண்டு போகட்டும், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

மெசஞ்சரில் பெயரைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். அந்த அம்மா கேமராவைப் பார்த்தபடி, சின்னக் கட்டத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, டாக்டர் ரூமுக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போல. தெருவில் தேங்காய் லாரி ஒன்று கிரிவலக்காரர்களிடம் ஹாரன் அடித்துச் சண்டை போட்டுக்கொண்டு போனது. பஸ்ஸுக்கு நேரமாவுது, அணைச்சிடுங்க பாய் என்று எழுந்தது. அணைத்தார். அணைத்துவிட்டு, நாலாம் நம்பரில் தன் பெயர் திறந்தபடியே கிடக்கிறதே என்று அதை மூடப் போனவர், மவுஸில் கை வைத்தபோதுதான் பார்த்தார், அதுவரை எரிந்துகொண்டிருந்த பாலாஜியின் பெயர், அவர் பார்க்கப் பார்க்க, மங்கிப் போனது.

அங்கே சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்... இல்லை, இன்றைக்கு அங்கேயும் ஞாயிறுதானே. மறைந்திருக்கிறவன் அம்மாவுக்குத் தெரிய மாட்டான், ஆனால் மறைந்திருக்கிறவனுக்கு அம்மா தெரியும், அம்மாவின் பெயர் பதினோரு மணிக்கு எரிவது தெரியும், எரிகிறவரைக்கும் இருந்துவிட்டு... அப்படியும் இருக்குமா, ஒவ்வொரு ஞாயிறும் இப்படியா, முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாமல், விட்டுவிட்டுப் போகவும் மனசு இல்லாமல், அந்த ஒரு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு... இதை எந்த வாயால் சொல்வது, சொன்னால் அந்த அம்மா சந்தோஷப்படுமா, நொறுங்கிப் போகுமா. வாசலுக்கு வந்தார், அது செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றார்.

"என்ன பாய்?"

"அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வந்துடுங்க. பதினொண்ணுக்கே. நேரம் தப்பாம."

அந்த அம்மா சரி பாய் என்றது, ஆட்டோவில் ஏறிக்கொண்டது. யாருக்காகச் சொன்னோம் அதை, இந்த அம்மாவுக்கா, அவனுக்கா என்று யோசித்தபடி உள்ளே வந்து, சிடியைத் துடைத்து உறையில் போட்டார்.