சாப்பாட்டுக்குப் பிறகு தப்பான கை

அப்போதெல்லாம் கிரிக்கெட் பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பந்தை விடும்போது கை முழங்கைக்கு மேலே போகக் கூடாது என்று லண்டன் கிளப்பின் பெரிய மனிதர்கள் சட்டமே போட்டிருந்தார்கள். வளைந்த பேட்டுகள் போய் நேரான பேட்டுகள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், அடிக்கிறவர்கள் பாடு கொண்டாட்டமாகவும் வீசுகிறவர்கள் பாடு திண்டாட்டமாகவும் இருந்தது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் ஆஷ்கோம் என்ற ஊரின் செங்கல் சூளையில் வேலை செய்தவன் ரூபன். சூளைக்குள்ளிருந்து வருகிற செங்கல்லை வாங்கி, கையைப் பக்கவாட்டில் சுழற்றி, வண்டிமேல் நிற்பவனுக்கு எறிவதுதான் அவன் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே சுழற்றல். ஒருநாள் மாலை, ஊர்ப் புல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வேடிக்கையாகப் பந்தையும் அப்படியே தோள் உயரத்தில் சுழற்றி விட்டான். அது தரையில் குத்தி, பாம்பு சீறுவதுபோல் எழும்பி, பேட் பிடித்திருந்த கொல்லனின் விரலை நசுக்கிவிட்டு ஸ்டம்பையும் சாய்த்தது.

சூளைக்குச் சொந்தக்காரர் பெல்லிங்ஹாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் அணிக்கும் அவர்தான் தலைவர். குதிரையிலிருந்து இறங்கி வந்து, இன்னொரு தரம் வீசச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். சட்டம் இடம் கொடுக்காதே என்று ரூபன் தயங்கியபோது அவர் அவன் முதுகில் தட்டினார். "சட்டத்தை எழுதினவனுங்க எல்லாம் பேட் பிடிக்கிறவனுங்கடா. நீ வீசு. வர்றதை நான் பார்த்துக்கறேன்."

அந்த வசந்தகாலம் முழுக்க அவருடைய களஞ்சியத்துக்குப் பின்னால் பயிற்சி நடந்தது. அம்பயராக நின்றது ஆமோஸ், ரூபனின் மனைவி மெர்சிக்கு அண்ணன். சூளையிலும் இருவரும் ஒன்றாகத்தான் வேலை செய்தார்கள். செங்கல் சரிந்து ஆமோஸின் கால் முறிந்து கிடந்த குளிர்காலத்தில் அவன் வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டவன் ரூபன். ஒவ்வொரு அணியும் தன் ஆள் ஒருவரை அம்பயராகக் கொண்டுவருவது வழக்கம் என்பதால், கோடையில் கென்ட் மாவட்டத்து அணியோடு நடக்கப்போகிற பெரிய ஆட்டத்தில் ஆஷ்கோம் அம்பயர் ஆமோஸ் என்பது முடிவாகியிருந்தது. ரூபன் அவன் பக்கத்திலிருந்துதான் வீசுவான். கை எவ்வளவு உயரம் போகலாம் என்பதை ஆமோஸே பார்த்துப் பார்த்துத் திருத்தினான்.

"நான் நிக்கிற பக்கத்துல உன் கையை ஒருத்தன் குறை சொல்ல முடியாது மாப்பிள்ளை," என்றான்.

ஆட்டத்தன்று புல்வெளியைச் சுற்றிக் கூடாரங்கள், வண்டிகள், பீர்ப் பீப்பாய்கள். கென்ட் அணியை அழைத்து வந்தவர் லண்டன் கிளப்பில் செல்வாக்குள்ள ஒரு பிரபு. ரூபனின் மூன்றாவது பந்திலேயே அவர்களின் முதல் ஆட்டக்காரன் ஸ்டம்பைப் பறிகொடுத்தான். கூட்டம் முணுமுணுத்தது. இது வீச்சல்ல, எறிதல் என்று கென்ட் பக்கமிருந்து குரல் எழுந்தது. ஆமோஸ் வானத்தைப் பார்த்தபடி நின்றான். சாப்பாட்டு நேரத்துக்குள் பாதி அணி வீழ்ந்துவிட்டது. ஆஷ்கோம்காரர்கள் ரூபனைத் தோளில் தூக்காத குறைதான். மெர்சி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கையசைத்தாள்.

பெரிய மனிதர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து குளிர்ந்த மாட்டிறைச்சி சாப்பிட்டார்கள். ரூபன் மரத்தடியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றான். பெல்லிங்ஹாம் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து ஆமோஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை அவன் பார்த்தான். ஆட்டக் கணக்கைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ரூபன் ஓடிவந்து கையைச் சுழற்றினான்.

"நோ பால்," என்றான் ஆமோஸ்.

குரல் எதிர்முனை அம்பயரிடமிருந்து வந்ததாகவே ரூபன் முதலில் நினைத்தான். அடுத்த பந்தை வீசினான். மறுபடி காதுக்குப் பக்கத்திலேயே அதே வார்த்தை. கையைக் கொஞ்சம் தாழ்த்தி வீசினான். அதற்கும் அதே வார்த்தை.

அவன் நின்று திரும்பினான். "மச்சான், காலையில சரியா இருந்த கை சாப்பாட்டுக்கு அப்புறம் எப்படித் தப்பாச்சு?"

ஆமோஸ் தரையைப் பார்த்தான். "சட்டம்னா சட்டம்தான், ரூபன்."

மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அன்று பெயரைச் சொன்னது. ரூபன் களத்தில் நின்றிருந்த பெல்லிங்ஹாமிடம் நேரே நடந்து போனான். "ஐயா, நீங்க சொல்லித்தானே இப்படி வீசுறேன். நீங்களே சொல்லுங்க."

அவர் அவனைப் பார்க்கவில்லை. கயிற்றோரம் நின்ற பிரபுவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்த ஆளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், முறையா வீசுடான்னு. கேட்டாத்தானே."

யாரோ சிரித்தார்கள். கென்ட் பக்கமிருந்து புல்லோடு பெயர்த்த மண்கட்டி ஒன்று பறந்து வந்து ரூபனின் மார்பில் விழுந்தது. களத்தைவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். திரும்பி வந்து, மீதிப் பந்துகளைக் கையைத் தாழ்த்தி, குழந்தைக்குப் போடுவதுபோல் உருட்டினான். ஒவ்வொன்றும் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஆஷ்கோம் தோற்றது. தோல்விக்கும் அவன்மேலேயே பழி வந்தது. காலையில் முதுகில் தட்டியவர்களே, பெயர் வாங்கப் பேராசைப்பட்டு ஊர் மானத்தை வாங்கிவிட்டான் என்றார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து ரூபன் வீட்டுக்கு ஆமோஸ் வந்தான். கிளப்பில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதாகப் பிரபு பெல்லிங்ஹாமிடம் சொன்னாராம். இந்த எறிதலை மட்டும் நிறுத்தினால் போதுமாம். நிறுத்துகிற பொறுப்பைப் பெல்லிங்ஹாம் ஆமோஸிடம் கொடுத்துவிட்டார்.

"உனக்கு என்ன தர்றேன்னாரு?" என்று கேட்டாள் மெர்சி.

"சூளைக்கு மேஸ்திரி ஆக்குறேன்னாரு." ஆமோஸின் குரல் இறங்கியது. "நான் சொல்லலேன்னா வேற ஒருத்தன் சொல்லியிருப்பான் மெர்சி."

ரூபன் அவன் பக்கம் திரும்பினான். "வேற ஒருத்தன் சொல்லியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது."

மெர்சி கதவைத் திறந்து வைத்தாள். கூடப் பிறந்தவனைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை, கதவு சொன்னது. அவன் போன பிறகு அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

ஆமோஸ் மேஸ்திரியாக இருக்கும் சூளையில் ரூபன் கால் வைக்கவில்லை. அறுவடை முடிந்ததும் அவனும் மெர்சியும் கென்ட்டுக்குப் போய், பீருக்குக் கசப்பு சேர்க்கிற ஹாப்ஸ் கொடி வளர்க்கும் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே இருந்த சின்ன அணி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. சில அம்பயர்கள் அவன் கையைப் பார்த்து நோ பால் என்றார்கள், சிலர் சும்மா இருந்தார்கள். எப்படியானாலும் அவன் வாக்குவாதம் செய்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: தான் வீசுகிற பக்கத்தில் அம்பயராகத் தனக்கு முகம் தெரியாத ஆளை நிறுத்துங்கள் என்று. அணிக்காரர்கள் அதை ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

காலம் ஓடியது. அவனைப் போலவே வேறு பலரும் பல ஊர்களில் கையைச் சுழற்றத் தொடங்கினார்கள். அடக்கி அடக்கிப் பார்த்து அலுத்துப்போய், கிளப்காரர்கள் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கை தோள்வரை வரலாம் என்றார்கள். அந்தச் சமயத்தில் லண்டனில் நடந்த விருந்தொன்றில், புது வீச்சை ஆரம்பத்திலேயே ஆதரித்த தீர்க்கதரிசி என்று பெல்லிங்ஹாமைப் புகழ்ந்து கோப்பை உயர்த்தினார்களாம். மதுக்கடையில் ஒருவன் பத்திரிகையை உரக்கப் படித்தபோது ரூபன் கேட்டுக்கொண்டிருந்தான். எந்த ஊர் வீச்சாளன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பீரை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து வந்தான். மெர்சியிடம் சட்டம் மாறிவிட்டது என்பதை மட்டும் சொன்னான்.

"இனிமே நீ தாராளமா வீசலாமே," என்றாள் அவள்.

அவன் தோளைத் தடவிக்கொண்டான். குளிர் வந்தால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கவே முடியாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் வற்புறுத்தியதால் பக்கத்து ஊர் ஆட்டத்தைப் பார்க்கப் போனான். இளவட்டங்கள் எல்லோரும் கையைச் சுழற்றிச் சுழற்றி வீசினார்கள். ஒருவனும் தடுக்கவில்லை. அருமையான பந்துகள்தான், பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ரூபனுக்கு எந்தப் பந்து எங்கே குத்தியது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் கண் அம்பயரின் வாய்க்கே போனது. அது மூடியே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, ஆட்டம் முடியும் முன்பே எழுந்து வீட்டுக்கு நடந்தான்.